சூடு பண்ணியும் கரையவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். தீபாவளி வாரத்தில் எனக்கு வரும் அழைப்புகளில் பாதி ஜாமூன் பாகு பற்றியவை. கோடை வந்தால் கெட்டில், மீன் தொட்டி. மழை தொடங்கினால் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), உரம். கேட்பவர்கள் எல்லாரும் எனக்கு முன்பே ஒரு வைத்தியம் செய்து பார்த்திருப்பார்கள். அது சூடு பண்ணுவது. சிலருக்கு அதில் சரியாகியிருக்கும். சிலருக்குக் கோளாறே அந்தச் சூட்டால்தான் வந்திருக்கும்.

சர்க்கரைக்குச் சூடு நல்லது. உப்புக்குச் சூடு பெரிதாக ஒன்றும் செய்யாது. சுண்ணாம்புக்கும் காற்றுக்கும் சூடு எதிரி. இதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. மீதியைக் கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் குளத்திலோ தொட்டியிலோ மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது என்றால் இதையெல்லாம் படிக்காதீர்கள். நேராகக் கடைசிப் பகுதிக்குப் போய்விடுங்கள்.

முதலில் ஒரு டம்ளர் சோதனை

"கரையலை" என்று ஒரே சொல்லில் சொல்கிறோம். அதற்குள் மூன்று வேறு வேறு கோளாறுகள் இருக்கின்றன. எது என்று தெரியாமல் கை வைக்கக் கூடாது. கரையாமல் நிற்பதில் கொஞ்சம் எடுத்து ஒரு கண்ணாடி டம்ளரில் போடுங்கள்.

ஐந்து நிமிடம் விடாமல் கலக்குங்கள். கரைந்துவிட்டால் உங்கள் கோளாறு வேகம் மட்டும்தான். தண்ணீருக்கு இடம் இருக்கிறது, நேரம்தான் போதவில்லை. கலக்குவது, பொடிப்பது, சூடாக்குவது மூன்றும் இதற்கு உதவும்.

கலக்கியும் நிற்கிறதா? இன்னொரு பங்கு தண்ணீர் ஊற்றிக் கலக்குங்கள். இப்போது கரைந்தால் கோளாறு அளவில். அந்தச் சூட்டில் அந்தத் தண்ணீர் எவ்வளவு ஏற்குமோ அவ்வளவும் ஏற்றுவிட்டது. இதைத்தான் பாடத்தில் தெவிட்டிய கரைசல் என்கிறோம். தெவிட்டிய கரைசலில் எவ்வளவு பொடித்துப் போட்டாலும், எவ்வளவு கலக்கினாலும் ஒரு கிராம்கூடக் கூடுதலாகக் கரையாது. கல் உப்பும் தூள் உப்பும் கரையும் வேகத்தில்தான் வேறு, கரையும் அளவில் ஒன்றே.

தண்ணீர் சேர்த்தும் மாறவில்லை என்றால் அது தண்ணீரில் கரையும் பொருளே இல்லை. இல்லையென்றால் தண்ணீரில் ஏற்கெனவே இருந்த ஏதோ ஒன்றோடு சேர்ந்து புதிதாக ஒரு பொருள் உண்டாகிப் படிந்திருக்கிறது. இரண்டுக்கும் கீழே தனித்தனியாக வருகிறேன்.

எலுமிச்சை ஜூஸில் சர்க்கரை அடியிலேயே நிற்கிறது

"ஐஸ் தண்ணியில சர்க்கரை கரையாது டீச்சர்" என்று வகுப்பில் வருடா வருடம் சொல்வார்கள். கரையும். பனிக்கட்டி உருகும் சூட்டில், அதாவது 0 டிகிரியில்கூட 100 கிராம் தண்ணீர் ஏறக்குறைய 180 கிராம் சர்க்கரையை ஏற்கும். நீங்கள் போட்டது இரண்டு ஸ்பூன். இடம் இல்லாமல் அது அடியில் நிற்கவில்லை. குளிர்ந்த நீரில் மூலக்கூறுகளின் ஓட்டம் மந்தம். சர்க்கரையை ஒட்டியிருக்கும் மெல்லிய அடுக்கு மட்டும் தெவிட்டிப்போய் அங்கேயே கிடக்கும். மேலே உள்ள தண்ணீர் இறங்கி வருவதற்குள் நீங்கள் குடித்து முடித்துவிடுவீர்கள்.

ஐஸ் போடும் முன் சர்க்கரையைக் கரைத்துவிடுங்கள், அவ்வளவுதான். அடிக்கடி போடுகிறவர்கள் ஒரு பாட்டில் பாகு காய்ச்சி வைத்துக்கொள்ளலாம்.

ஜாமூன் பாகு பூத்துவிட்டது

இதற்குத்தான் நிறைய பேர் கேட்கிறார்கள், ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

போன தீபாவளிக்கு எதிர்வீட்டு அக்கா பாத்திரத்தோடு வந்தார். முந்தின நாள் இரவு தெளிவாக இருந்த பாகு. காலையில் பாத்திரத்தின் ஓரத்தில், பாகு மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, வெள்ளையாக ஒரு கோடு. அதிலிருந்து ஊசி ஊசியாகக் கீழே இறங்கி, அடியில் மணல் மாதிரி நறநறவென்று ஒரு படை. ஜாமூனின் தோலிலும் வெள்ளைப் பூப் பூத்திருந்தது.

"எவ்வளவு தண்ணி வெச்சீங்கக்கா?"

"கிலோ சர்க்கரைக்கு அரை லிட்டர்தான். எப்பவும் அதான்."

"எவ்வளவு நேரம் கொதிச்சுது?"

"உருண்டை பொரிச்சு முடிக்கிற வரைக்கும் பக்கத்து அடுப்புல கிடந்துச்சு."

கோளாறு அங்கேதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். அரை லிட்டருக்கு ஒரு கிலோ என்றால் 100 கிராம் தண்ணீருக்கு 200 கிராம் சர்க்கரை. நம் ஊர் அறைச் சூட்டில், அதாவது 30 டிகிரி அளவில், 100 கிராம் தண்ணீர் ஏற்பது ஏறக்குறைய 215 கிராம். ஆக, இந்த அளவே விளிம்பில்தான் நிற்கிறது. பக்கத்து அடுப்பில் கிடந்தபோது 100 மில்லி ஆவியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போது 400 மில்லியில் ஒரு கிலோ, அதாவது நூற்றுக்கு 250. 50 டிகிரியில் நூற்றுக்கு 260 வரை கரையும் என்பதால் சூடாக இருக்கும்வரை பாகு தெளிவாகவே இருக்கும். ஆறிய பிறகு நூற்றுக்கு 35 கிராம் மிச்சம். மொத்தத்தில் 140 கிராம் சர்க்கரைக்குத் தண்ணீரில் இடம் இல்லை.

இடம் இல்லாத சர்க்கரை உடனே வெளியே வருவதில்லை. பாகு கெட்டியானது. மூலக்கூறுகள் ஒன்றையொன்று தேடி ஒழுங்காக அடுக்கிக்கொள்ள நேரம் பிடிக்கும். அப்படியே மணிக்கணக்கில், சில நேரம் நாள்கணக்கில் தெளிவாக நிற்கும். இதுதான் மீதெவிட்டிய நிலை. ஒரே ஒரு சர்க்கரைப் பரல் கிடைத்தால் போதும், அதன்மேல் ஒவ்வொன்றாக அடுக்கத் தொடங்கிவிடும். அக்காவின் பாத்திரத்தில் ஓரத்தில் ஒட்டிக் காய்ந்த பரல்தான் அந்த முதல் விதை. ஆறும்போது கரண்டி விட்டுக் கிளறினாலும் இதே கதைதான்.

சரிசெய்யும் முறை இது. ஜாமூனை அகப்பையால் மெதுவாக எடுத்துத் தனியாக வையுங்கள். உருண்டையோடு கொதிக்கவிட்டால் உடைந்துவிடும். பாகில் ஆவியான தண்ணீரைத் திருப்பிக் கொடுங்கள்: கிலோவுக்கு 100 முதல் 150 மில்லி. மிதமான தீயில் ஒரு பரல்கூட மிச்சமில்லாமல் கரையட்டும். பாத்திரத்தின் ஓரத்தை ஈரத் துணியால் சுற்றித் துடைத்து இறக்குங்கள். பலர் விட்டுவிடுகிற வேலை அதுதான். ஓரத்தில் ஒரு பரல் இருந்தாலும் நாளைக் காலை மறுபடி பூக்கும். கொதிக்கும்போதே அரை ஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டு மூன்று நான்கு நிமிடம் வையுங்கள். புளிப்பு, சர்க்கரையில் ஒரு பகுதியைக் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்று இரண்டாகப் பிரிக்கும். ஒழுங்காக அடுக்கிக்கொண்டிருக்கும் சர்க்கரைக்கு நடுவே இந்த இரண்டும் புகுந்து இடைஞ்சல் செய்யும். மிட்டாய் செய்பவர்கள் லிக்விட் குளுக்கோஸ் சேர்ப்பதும் இதற்காகத்தான்.

அப்புறம் கிளறாமல் ஆறவிடுங்கள். வெதுவெதுப்பாகும்போது உருண்டைகளைப் போடுங்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் இடம் இன்னும் குறையும், ஆகவே பூக்கிற பாகை அங்கே வைக்காதீர்கள்.

இதே கோளாறைத் தென் மாவட்டத்தில் வேண்டுமென்றே செய்கிறார்கள். பதநீரைக் கெட்டியாகக் காய்ச்சி, அதில் நூலைத் தொங்கவிட்டு, அசைக்காமல் வாரக்கணக்கில் வைத்தால் நூலைப் பிடித்துக்கொண்டு பனங்கற்கண்டு வளரும். மெதுவாக ஆறினால் பெரிய படிகம், அவசரமாக ஆறினால் பொடி. பள்ளிக் கண்காட்சிக்குப் படிகாரப் படிகம் வளர்க்கும் பிள்ளைகள் "பொடிப் பொடியாத்தான் வருது" என்று வந்து நிற்பார்கள். சூடான கரைசலை ஃபிரிட்ஜில் வைத்திருப்பார்கள். போர்வை சுற்றி மூலையில் வைக்கச் சொல்வேன்.

தேன் உறைந்துவிட்டது, கலப்படமா?

உறைந்ததால் மட்டும் கலப்படம் ஆகிவிடாது. தயவுசெய்து கொட்டிவிடாதீர்கள். தேனில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் இருக்கின்றன. ஃபிரக்டோஸ் தண்ணீரில் மிக அதிகமாகக் கரையும், குளுக்கோஸ் அவ்வளவு கரையாது. தேனில் இருக்கும் கொஞ்ச நீருக்கு அந்தக் குளுக்கோஸ் அதிகம். குளிர்ந்தால் அது படிகமாக இறங்கும். தேன் மிக வேகமாக உறைவது 14 டிகிரியை ஒட்டி. மார்கழியில் மலைப்பக்கத்தில் பாட்டில் பாட்டிலாக உறைவது அதனால்தான். பாட்டிலைக் கை பொறுக்கும் சூட்டு நீரில், 40 டிகிரியை ஒட்டி, அரை மணி நேரம் நிற்க வையுங்கள். அடுப்பில் நேராக வைத்தால் மணம் போய்விடும்.

உப்பு மட்டும் கரையவே மாட்டேன் என்கிறது

சூடு பண்ணிப் பயன் இல்லாத இடம் இது. 100 கிராம் தண்ணீரில் 0 டிகிரியில் ஏறக்குறைய 35.7 கிராம் உப்பு கரையும். கொதிக்கும் நீரில்? 39 கிராம். நூறு டிகிரி சூடேற்றியும் மூன்று கிராம் சொச்சம்தான் லாபம். சர்க்கரைக்கு அதே தூரத்தில் 180 கிராமிலிருந்து 480-ஐத் தாண்டிவிடும். சூட்டில் உப்பு வேகமாகக் கரையும், கூடுதலாகக் கரையாது.

தூத்துக்குடி உப்பளத்தில் இதை அப்படியே பார்க்கலாம். கடல்நீரைப் பாத்தியில் தேக்கி, வெயிலில் தண்ணீரை ஆவியாக்கித்தான் உப்பை எடுக்கிறார்கள். குளிரவைத்து எடுக்க முடியாது. ஆவியாக ஆவியாகக் குறைவாகக் கரைவது முதலில் இறங்கும்: முதலில் சுண்ணாம்பு வகை, பிறகு ஜிப்சம் (கால்சியம் சல்பேட்), அதன் பிறகே உப்பு. மெக்னீசிய உப்புகள் கடைசிவரை நீரிலேயே நிற்கும். அந்த நீரை வடித்துவிடவில்லை என்றால் உப்பு கசக்கும், எளிதில் நீர்த்துப் போகும்.

மாவடு ஜாடியில் முதல் நாள் அடியில் உப்பு குவிந்து கிடந்தால் பதறி வெந்நீர் ஊற்றாதீர்கள். தினமும் ஒரு தடவை குலுக்கிவிட்டால் போதும். உப்பு, வடுவிலிருந்து தண்ணீரை வெளியே இழுக்கும். வடு சுருங்கச் சுருங்க ஜாடியில் நீர் ஏறும், அடியில் கிடந்த உப்பு தானாகக் கரையும்.

கெட்டிலில், ஹீட்டரில் பாறை மாதிரி வெள்ளைப் படிவு

இங்கே சூடுதான் குற்றவாளி.

வகுப்பில் ஒரு சோதனை செய்வோம். தெளிந்த சுண்ணாம்பு நீரில் குழாய் வைத்து ஊதினால் பால் மாதிரி வெளுக்கும். எல்லாருக்கும் நினைவிருக்கும். அங்கேயே நிறுத்திவிடுவார்கள். நான் பிள்ளைகளை இன்னும் ஊதச் சொல்வேன். மூச்சுப் பிடித்து ஊத ஊத வெளுப்பு மறைந்து தண்ணீர் மறுபடி தெளியும். கரையாத கால்சியம் கார்பனேட், மூச்சிலிருந்து வந்த கூடுதல் கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து, கரையும் கால்சியம் பைகார்பனேட்டாக மாறிவிட்டது. இப்போது அந்தத் தெளிந்த நீரைச் சுட வையுங்கள். மறுபடி வெளுக்கும்.

உங்கள் போர் தண்ணீருக்குப் பூமிக்கடியில் நடந்தது முதல் பாதி. மழைநீர் மண்ணில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடை வாங்கிக்கொண்டு சுண்ணாம்புப் பாறையைக் கரைத்து வந்திருக்கிறது. உங்கள் கெட்டிலில் நடப்பது பின்பாதி. சூட்டில் வாயு ஓடிவிடும், சுண்ணாம்பு திரும்பப் பாறையாகிவிடும். எங்கே சூடு அதிகமோ அங்கே படியும், அதனால்தான் காயிலைச் சுற்றி முதலில் பிடிக்கிறது.

எவ்வளவு படியும்? குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் கடினத்தன்மை (கரைந்திருக்கும் கால்சிய, மெக்னீசிய உப்புகளைச் சுண்ணாம்புக் கணக்கில் சொல்லும் அளவு) லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது; வேறு நீர் ஆதாரமே இல்லாவிட்டால் 600 வரை அனுமதி. உங்கள் தண்ணீர் 400 என்றால், தினம் ஐந்து லிட்டர் கொதிக்க வைக்கும் வீட்டில் ஒரு நாளில் உள்ளே போகும் சுண்ணாம்பு 2 கிராம். அதில் பாதி படிந்தாலே மாதம் 30 கிராம், ஒரு கைப்பிடி. படிவு சூட்டைச் சரியாகக் கடத்தாது. தண்ணீர் சுட நேரமாகும், கரண்ட் பில் ஏறும், கடைசியில் காயில் உள்ளுக்குள்ளே வெந்து போகும்.

சுரண்டாதீர்கள். முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். படிவின் மேல் இரண்டு சொட்டு வினிகர் விட்டுக் காது கொடுத்துக் கேளுங்கள். சுர்ரென்று நுரைத்தால் கார்பனேட், எளிய நோய். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் இரண்டு மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலம் (மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கொடுப்பார்கள்) கரைத்து ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். வினிகரும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தும் ஊற்றலாம். கொதிக்க வைக்க வேண்டாம். சிட்ரிக் அமிலமும் கால்சியமும் சேர்ந்து உண்டாவதும் அதிகம் கரையாத உப்புதான். வெள்ளைப் பொடி இறங்குவது தெரிந்தால் அந்த நீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். கடைசியில் நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள்.

நுரைக்கவே இல்லையென்றால் அது ஜிப்சமாக இருக்கலாம். ஜிப்சம் 40 டிகிரியை ஒட்டித்தான் அதிகமாகக் கரையும், அதற்கு மேல் சூடானால் குறையும். புளிப்பு அதைப் பெரிதாக ஒன்றும் செய்யாது. அதோடு மல்லுக்கட்டாமல் மெக்கானிக்கிடம் காயிலை மாற்றிக்கொள்வதே நல்லது. எந்த நிலையிலும் கழிவறை கழுவும் ஆசிட்டைக் கெட்டிலில் ஊற்றாதீர்கள். அதையும் பிளீச்சிங் பவுடரையும் கலந்தால் குளோரின் கிளம்பும். வீட்டில் இருப்பவர்களின் நுரையீரல் சம்பந்தப்பட்ட விஷயம் அது.

படிவு திரும்பத் திரும்ப வருகிறதென்றால் ஹீட்டரின் சூட்டைக் குறைத்து வையுங்கள். குளிக்க 50 டிகிரி தாராளம். 60-ஐத் தாண்டினால் படிவு வேகமாகக் கூடும்.

குழாய்த் தண்ணீர் பால் போல வருகிறது

டம்ளரில் பிடித்து மேசையில் வைத்துப் பாருங்கள். அடியிலிருந்து மேலாகத் தெளிந்தால் அது காற்று. குழாயில் அழுத்தத்தில் கரைந்திருந்த காற்று, அழுத்தம் போனதும் நுண்ணிய குமிழாக வெளியேறுகிறது. தைரியமாகக் குடிக்கலாம். மேலிருந்து கீழாகத் தெளிந்து அடியில் பொடி நின்றால் அது மண்ணோ சுண்ணாம்போ. தொட்டியைக் கழுவுங்கள், தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுங்கள்.

சோடா திறந்ததும் பொங்கி வழிகிறது, இல்லையென்றால் காற்றே இல்லை

இரண்டுக்கும் காரணம் ஒன்று. சாதாரண காற்றழுத்த அளவில் ஒரு லிட்டர் நீர் 0 டிகிரியில் 3.3 கிராம் கார்பன் டை ஆக்சைடை ஏற்கும், 20 டிகிரியில் 1.7 கிராம், 40 டிகிரியில் ஒரு கிராம். சூடு ஏற ஏற வாயு வெளியே ஓடப் பார்க்கும். அதைப் பிடித்து வைப்பது அழுத்தம்தான். அழுத்தம் எத்தனை மடங்கோ கரையும் வாயுவும் அத்தனை மடங்கு என்று ஆங்கிலேய வேதியியலாளர் வில்லியம் ஹென்றி 1803-இல் காட்டினார்.

வெயிலில் நின்ற வண்டியில் கிடந்த பாட்டிலைத் திறக்காதீர்கள். ஃபிரிட்ஜில் இரண்டு மணி நேரம் வைத்து, குலுக்காமல் திறங்கள். பாதி குடித்ததை மூடி இறுக்கிக் குளிரிலேயே வையுங்கள். கோலி சோடாவில் கோலியைக் கழுத்து ரப்பர் வளையத்தில் அழுத்திப் பிடித்திருப்பது உள்ளே இருக்கும் வாயுவேதான். 1872-இல் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை வாங்கிய பாட்டில் அது. கோலி தளதளவென்று ஆடினால் உள்ளே வாயு இல்லை, வாங்காதீர்கள்.

மயில்துத்தம் அடியில் கட்டியாகிவிட்டது, உரக் கலவை வெளுத்துவிட்டது

வெற்றிலைக் கொடிக்கும் மிளகுக்கும் போர்டோ கலவை (பூஞ்சை நோய்க்கான மயில்துத்த-சுண்ணாம்பு மருந்து) அடிப்பவர்களுக்கு இது பழக்கமான தொல்லை. ஒரு கிலோ மயில்துத்தத்தை வாளியில் கொட்டினால் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதைச் சுற்றி அடர்நீலமாக ஒரு படை. அந்தப் படை தெவிட்டிய கரைசல், கனமானது, மேலே வராது. மேலே வெறும் தண்ணீர் சும்மா நிற்கும்.

பழைய விவசாயிகள் செய்வதைச் செய்யுங்கள். பொடித்த மயில்துத்தத்தைத் துணியில் முடிந்து, ஒரு குச்சியில் கட்டி, தண்ணீரின் மேல்மட்டத்தில் பாதி முங்கும்படி தொங்கவிடுங்கள். நின்று பாருங்கள், அழகாக இருக்கும். துணியிலிருந்து நீல நூல்கள் நெளிந்து நெளிந்து கீழே இறங்கும். கனமான கரைசல் தானே கீழே போகிறது, அந்த இடத்துக்குப் புதுத் தண்ணீர் தானே வருகிறது. கலக்க ஆள் வேண்டாம். மாலையில் கட்டிவிட்டால் காலையில் துணி மட்டும் மிச்சம். பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரம்தான் வேண்டும், இரும்பு வாளி கூடாது.

ஒரு சதவீதக் கலவைக்கு 50 லிட்டரில் ஒரு கிலோ மயில்துத்தம், வேறொரு 50 லிட்டரில் ஒரு கிலோ நீற்றிய சுண்ணாம்பு. சுண்ணாம்பு நீரை வடிகட்டி, அதில் மயில்துத்த நீரைக் கலக்கிக்கொண்டே ஊற்றுங்கள். இங்கே வான்நீலத்தில் ஒரு கரையாப் பொருள் உண்டாகும். அது கோளாறு இல்லை, அதுதான் மருந்து. இலையில் ஒட்டி, மழையில் அடித்துப் போகாமல், கொஞ்சம் கொஞ்சமாகச் செம்பை விடும். பளபளக்கும் கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். செம்பு நிறம் ஏறினால் கரைந்த செம்பு இன்னும் மிச்சம் இருக்கிறது, இலை கருகும். சுண்ணாம்பு நீர் சேருங்கள். கத்தி அப்படியே இருந்தால் அன்றைக்கே அடித்துவிடுங்கள்.

சொட்டு நீரில் உரம் விடுபவர்களுக்குக் கோளாறு இரண்டு வகை. ஒன்று குளிர். பொட்டாசியம் நைட்ரேட் 30 டிகிரியில் நூற்றுக்கு 45 கிராம் கரையும், 10 டிகிரியில் 21 மட்டும். போதாததற்கு, அது கரையும்போதே தண்ணீரைச் சில்லென்று ஆக்கிவிடும். யூரியாவும் அப்படித்தான், வாளியைத் தொட்டால் தெரியும். ஊட்டி, கொடைக்கானல் பசுமைக்குடில்களில் மாலையில் தெளிவாக இருந்த தொட்டியில் காலையில் ஊசி ஊசியாகப் படிகம் நிற்கும். நண்பகலில் கரையுங்கள், நூற்றுக்குப் பத்து கிராமைத் தாண்டாதீர்கள்.

இன்னொன்று சேர்க்கை. கால்சியம் நைட்ரேட்டோடு சல்பேட் உரமோ பாஸ்பேட் உரமோ சேர்ந்தால் ஜிப்சமும் கால்சியம் பாஸ்பேட்டும் உண்டாகிச் சொட்டுவானை அடைக்கும். சூடும் உதவாது, கலக்குவதும் உதவாது. தொட்டியை இரண்டாக்கி, கால்சியத்தைத் தனியே விடுவதுதான் வழி. சந்தேகம் இருந்தால் அதே விகிதத்தில் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கலந்து அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள்.

எதைச் செய்தாலும் கரையவில்லை

மஞ்சளின் நிறம், மிளகாயின் காரம், கற்பூரம் எல்லாம் எண்ணெயின் பக்கம். தண்ணீரை எவ்வளவு சுடவைத்தாலும் உருப்படியாகக் கரையாது. கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில் போடுங்கள். காரம் ஏறினால் தண்ணீருக்குப் பதில் பால் குடியுங்கள். சோள மாவு கரைவதில்லை, பச்சைத் தண்ணீரில் கலங்கி மட்டும் நிற்கும். வெந்நீரில் போட்டால் வெளித்தோல் வெந்து கட்டியாகிவிடும், ஆகவே முதலில் பச்சைத் தண்ணீர்.

மீன் மேலே வந்து வாயைத் திறக்கிறது

மீனுக்கு மூச்சு முட்டுகிறது. நோய் மருந்து தேடி ஓடாதீர்கள், தீனி போடாதீர்கள். முதலில் காற்று.

நல்ல நீர் ஒரு லிட்டரில் 20 டிகிரியில் 9.1 மில்லிகிராம் ஆக்சிஜன் தங்கும், 30 டிகிரியில் 7.5, 35 டிகிரியில் 7-க்கும் கீழ். உவர்நீரில் இன்னும் குறைவு, அதனால்தான் இறால் பண்ணையில் துடுப்புச் சக்கரம் ஓய்வதே இல்லை. சூடு ஏறினால் மீனுக்கு மூச்சு அதிகம் வேண்டும், தண்ணீரிலோ குறைவாக இருக்கும். கெண்டை வகைக்கு 5 மில்லிகிராம் இருந்தால் நிம்மதி, 2-க்குக் கீழே போனால் சாவு தொடங்கும். குளத்துப் பாசி பகலில் ஆக்சிஜன் தரும், இரவில் அதுவும் சேர்ந்து மூச்சு விடும். ஆகவே மிக மோசமான நேரம் விடியற்காலை, அதிலும் முந்தின நாள் மோடம் போட்டிருந்தால்.

வீட்டுத் தொட்டி என்றால் மோட்டார் ஓடுகிறதா பாருங்கள். கரண்ட் இல்லையென்றால் ஒரு சொம்பு எடுத்து, தொட்டி நீரையே மொண்டு, காபி ஆற்றுவது போல ஒரு முழ உயரத்திலிருந்து திரும்ப ஊற்றிக்கொண்டே இருங்கள். காய்ச்சி ஆறவைத்த நீர் சுத்தம் என்று நினைத்து ஊற்றாதீர்கள். கொதித்தபோதே அதிலிருந்த காற்று முழுக்கப் போய்விட்டது. தொட்டியை வெயில் படும் ஜன்னலிலிருந்து நகர்த்துங்கள். ஐஸ் கட்டியைக் கொட்டினால் சூடு சட்டென்று மாறி மீன் அதிர்ந்து போகும், அது வேண்டாம்.

குளம் என்றால் ஏரேட்டரைப் போடுங்கள். இல்லையென்றால் பம்புசெட்டைத் திருப்பிக் குளத்து நீரையே இறைத்து, குழாய் வாயில் தட்டு கட்டித் தெறிக்கவிடுங்கள். தெறிக்கும் ஒவ்வொரு துளியும் காற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கும். சாணமும் உரமும் அந்த வாரம் போடாதீர்கள். மீன்கள் முதலில் தண்ணீர் விழும் இடத்தில் வந்து கூடும். வெயில் ஏறி, அவை ஒவ்வொன்றாகக் கீழே இறங்கிக் கண்ணில் படாமல் போகும்வரை பம்பை நிறுத்தாதீர்கள்.